உன் கல்யாணத்துக்கு நான் வந்திருந்தேன்

இன்று காலை பி.பி. மாத்திரை வாங்க இங்கே சிதம்பரம் மேல வீதிக்குப் போனேன். அங்கே ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் இரண்டு ஆட்கள் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வெட்டிக் கொண்டுவந்த மரம். அடியிலிருந்து பால் வடிந்து சிமென்ட் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசனை இருக்கிறதே, பச்சையாக, கொஞ்சம் துவர்ப்பாக, அது மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். மருந்துக் கடை மண்டபத்துக்கு அடுத்த கடைதான். போகவில்லை. திரும்பி நடந்து, வடக்கு வீதியில் வேறு கடையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததும் உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்து உன் பேரைத் தேடியும் விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊராருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தோம். அந்த வேலை போய், கவுன்டர் வந்து, பில் வந்து, கம்ப்யூட்டர் வந்து, கடைசியில் போதும் வீட்டுக்குப் போங்கள் என்று அவர்களே சொல்லும்வரை ஒன்றாகவே இருந்தோம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எனக்காவது ஊர் ஏற்றுக்கொள்கிற ஒரு கதை இருந்தது. அப்பா போன பிறகு தங்கைகளைக் கட்டிக் கொடுப்பதிலேயே வயசு போய்விட்டது என்றால் எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். உன்னிடம் அப்படி ஒரு கதையும் இல்லை. காதல் தோல்வி இல்லை, ஜாதகத்தில் கோளாறு இல்லை. வேண்டாம் என்றாய், அவ்வளவுதான். அதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை.

நான்கூட ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டேன், நிஜமாகவே யாரும் இல்லையா என்று. "பசிக்கல, சாப்பிடல. இதுக்குப் போயி டாக்டர்கிட்ட காட்டணுமாடி?" என்றாய். சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்த வடகத் துவையலை முழுசாக எடுத்துக்கொண்டாய்.

வி.ஆர்.எஸ். வாங்கிய பிறகு மஞ்சகுப்பத்தில் நாம் உனக்கு வாடகை வீடு தேடி அலைந்தது நினைவிருக்கிறதா? வீடு காலியாக இருக்கும், சாவி கையில் இருக்கும், ஹவுஸ் ஓனர் அம்மா சிரித்த முகமாக மோட்டார் போட்டுத் தண்ணீர் வருவதைக் காட்டுவாள். கடைசியில் கேட்பாள், "சார் எப்ப வருவாரு?" "சார் இன்னும் பொறக்கல" என்பாய் நீ. சிரிப்பு அப்படியே நின்றுபோகும். அப்புறம் அந்த வீட்டை அவள் மச்சான் கேட்டிருப்பதாக ஒரு போன் வரும். மூன்றாவது வீட்டுக்காரி நேரடியாகவே சொன்னாள், தனி பொம்பளைக்குக் கொடுத்தால் நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் வந்து எடுப்பார்கள் என்று. உயிரோடு நிற்கிற உன்னைப் பார்த்துப் பிணத்தை யார் எடுப்பது என்று கேட்டாள். நான் சண்டைக்குப் போனேன். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாய்.

அதனால்தான் திருப்பாதிரிப்புலியூரில் உன் தம்பி வீட்டு மாடிக்குப் போனாய். உன் தம்பி நல்லவன், அதை நான் எங்கேயும் சொல்வேன். அவன் பொண்டாட்டி சுமதி வாயில்லாப் பூச்சி. எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள் என்று நாம் இரண்டு பேரும் அவளைக் கிண்டல் செய்வோம். ஒரே மகள், சென்னையில் கம்பெனி வேலை. யாரும் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் வீட்டில் சொந்தக்காரப் பெண் யாருக்காவது வளைகாப்பு வைத்தால், "அக்கா, கீழ ஒரே கூட்டமா இருக்கு, நீங்க மாடியிலயே இருங்களேன், சாப்பாடு மேல அனுப்பறோம்" என்பார்கள். சாப்பாடு சூடாக வரும், பாயசத்தோடு வரும். நீ சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் செய்வாய். என்னடி விசேஷம் என்பேன். "நல்லா நடக்குது. வளையல் சத்தம் கேக்குது" என்பாய்.

நம் ஆபீஸ் ரிட்டயர்டு ஆட்கள் தாய்லாந்து டூர் போனார்கள். நீயும் போனாய். எல்லோரும் ஆளுக்கொரு சூட்கேஸ் நிறைய பிளாஸ்டிக் சாமான் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நீ ஒரு ஊரைப் பார்த்து வைத்துக்கொண்டு வந்தாய். சொங்க்லா. பேரைச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது. கடற்கரை நெடுக சவுக்கு மரம், கருவாட்டு வாசனை, நம் ஊர் முதுநகர் பக்கம் போலவே இருக்கிறது என்றாய். அப்படியானால் முதுநகரிலேயே இரேன் என்றேன். "முதுநகர்ல என்னைத் தெரியுமேடி" என்றாய். ஐம்பது வயசுக்கு மேல் ஓய்வுக்கு வருகிறவர்களுக்கு அங்கே ஒரு விசா உண்டு, பாங்கியில் போட வேண்டியதைப் போட்டால் போதும் என்று எல்லாம் விசாரித்து வைத்திருந்தாய். பைத்தியமா என்று கேட்டார்கள். உன் தம்பி அழுதான். அடுத்த வருஷம் நீ போயே விட்டாய். கடலூரிலிருந்து ஒரு பொம்பளை, மகனோடு இருக்கவும் இல்லை, மகளுக்குப் பிரசவம் பார்க்கவும் இல்லை, சும்மா தனியாக இருப்பதற்காக மட்டும் பிளேன் ஏறினாள் என்றால் அது நீ ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

நான் ஒருமுறை வந்து உன்னோடு தங்கினேன் அல்லவா. பொய் சொல்ல மாட்டேன், நீ அங்கே ராணி மாதிரி இருக்கவில்லை. ஒரு அறை, ஒரு பால்கனி, கீழே வீட்டுக்காரம்மா. அந்தம்மாவுக்கு நீ "சாப்டியா" மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தாய். காலை, மாலை, குளித்துவிட்டு வந்தால், குப்பை கொட்டப் போனால், எப்போது பார்த்தாலும் என்னையும் அவள் சாப்டியா என்றே கேட்டாள். சந்தையில் கால்குலேட்டரைக் காட்டி மீன் வாங்கினாய். கறிவேப்பிலை இல்லாமல் ரசம் வைத்தாய். வீட்டில் பேச்சுக் குரல் வேண்டும் என்று போனில் ஏதோ சீரியலை ஓடவிட்டிருந்தாய், பார்ப்பதுகூட இல்லை. குளியலறையில் ஒருமுறை விழுந்து முட்டி வீங்கிப்போனதை எனக்குச் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தாய், இங்கேயும் தனியாகத்தானே கிடக்கிறாய் என்று கத்தினேன்.

நீ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாய், "இங்க நான் தனியா இருக்கறேன். அங்க என்னைத் தனியா வெச்சாங்க."

மறுநாள் சாயந்தரம் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். சுள்ளென்று வெயில் அடித்து ஓய்ந்திருந்தது. உன் அத்தையைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னாய். குமராட்சிப் பக்கம் உங்கள் பூர்வீக ஊரில், அப்பாவின் தங்கை, கல்யாணம் ஆகாமல் நாற்பது வயசில் செத்துப்போனவள். கன்னியாக எரித்தால் வீட்டுப் பெண்களைப் பிடிக்கும், அடுத்த தலைமுறைக்கும் கல்யாணம் அமையாது என்று உங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். பிணத்துக்குக் கூறைப்புடவை கட்டி, வாழைக்கன்றைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் பேரில் தாலிக்கயிறு கட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள். நீ பத்து வயசுப் பிள்ளை, கதவோரம் நின்று பார்த்திருக்கிறாய்.

"செத்தவ மூஞ்சியப் பாத்து, கல்யாணக் களை வந்துடுச்சின்னு சொன்னாங்கடி. உசுரோட இருந்தப்ப அத்தையை யாரும் அவ்ளோ நேரம் மூஞ்சியப் பாத்ததே இல்ல."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நான் இங்கதான் சாவேன். பக்கத்துல புத்தர் கோயில் இருக்கு, சுடுகாடும் அங்கதான், அவுங்களே எரிச்சிடுவாங்க. வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லியிருக்கறேன். ஊருக்கு மட்டும் என்னைக் கொண்டுபோவ விடாத. நான் ஒருத்தனையும் கட்டாம இருந்தேன்டி. அது எனக்குக் குறை இல்ல. நான் செஞ்சது அது. செத்தப்பறம் அதையும் புடுங்கிக்குவாங்க." சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அறுபது வயசில் கல்லுக்குண்டாக இருக்கிறாய், நான்தான் முதலில் போவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு காலையில் உன் நம்பரிலிருந்து வீடியோ கால் வந்தது. எடுத்தால் வீட்டுக்காரம்மா. அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் ஏதோ பேசினாள், பிறகு இன்னொரு போனைத் தூக்கி வாயருகே பிடித்தாள். அது மொழிபெயர்த்து மெஷின் குரலில் தமிழில் சொன்னது: "மன்னிக்கவும். உங்கள் நண்பர் எழுந்திருக்கவில்லை." அந்தக் குரலுக்கு ஏற்ற இறக்கமே இல்லை. நான் புரியாதவள் மாதிரி பார்த்தேன். அவள் மறுபடி அதையே சொல்ல வைத்தாள். மாரடைப்பு. தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அன்றைக்கே பஸ் பிடித்துக் கடலூர் போனேன். எனக்கு முன்னால் செய்தி உன் தம்பிக்குப் போயிருந்தது. உடலை என்ன செய்வது என்று கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் அவனைத்தான் கேட்டார்கள். கூடப் பிறந்தவன் இருக்கும்போது கூட வேலை பார்த்தவளை யார் கேட்பார்கள்? ஹாலில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, அவ அங்கயே எரிக்கச் சொல்லியிருக்கா. எங்கிட்ட வாயால சொன்னா" என்றேன்.

"அனாதைப் பொணமாக்கா? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். ஊர் பேர் தெரியாதவன் கையால எங்க அக்கா வேவணுமா?"

"அவ விருப்பம்ப்பா."

"எனக்குச் சோறு ஊட்டுன கை அது. கடைசியா ஒரு தடவ பாக்கணும்கா, அவ்ளோதான். என்னைத் தடுக்காதீங்க."

குழந்தை மாதிரி தேம்பினான். அவனை வெறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெறுக்க முடியவில்லை. அவன் பாசமும் உன் பயமும் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. பிணத்தின் பேரில் பேச எனக்கு ஒரு முறையும் இல்லை.

நாலைந்து நாள் கழித்து, பாங்காக் வழியாகச் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஈ.சி.ஆர். ரோடு வழியே நீ வீட்டுக்கு வந்தாய். வாசலில் ஷாமியானா, தெரு நிறைய பிளாஸ்டிக் நாற்காலி. பெட்டியைத் திறந்தபோது உன் முகம் கொஞ்சம் கறுத்திருந்தது, மற்றபடி நீதான். நான் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்றும் நடக்காது, இந்தக் காலத்தில் யார் அதெல்லாம் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

குமராட்சியிலிருந்து உன் சித்தப்பா வந்து இறங்கினார். எண்பது வயசுக்குக் குறையாது, குரல் மட்டும் கணீரென்று இருந்தது. மாலையைப் போட்டுவிட்டு உன் தம்பியைக் கூப்பிட்டார்.

"கன்னி கழிக்காம எடுக்கக் கூடாதுப்பா. ஒங்க அத்தைக்கும் அன்னைக்குச் செஞ்சோம். வயசுப் பொண்ணு இருக்கற வூடு."

நான் எழுந்துவிட்டேன். "அவளுக்கு அறுபது தாண்டியாச்சுங்க. பென்ஷன் வாங்கினவ. இப்பப் போயி என்னா கன்னி?"

"வயசுக்கும் அதுக்கும் என்னாம்மா இருக்குது. நீங்க யாரு, சொந்தமா?"

"கூட வேலை பாத்தவ."

"அப்ப ஒக்காருங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை அந்த மனுஷர். இடம் காட்டுகிற மாதிரி சொன்னார். நான் உட்காரவில்லை. உன் தம்பியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "இதுக்குப் பயந்துதாம்ப்பா அவ அவ்ளோ தூரம் போனா. உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்கா." அவன் தரையைப் பார்த்தான். "என் பொண்ணுக்கு இருபத்தொம்பது ஆவுது. எத்தினி எடம் வந்து வந்து தட்டிப் போவுது. ஜோசியர் வேற, வூட்டுல கன்னிக் குறை இருக்குதுங்கறாரு. நான் நம்பறனா நம்பலியான்னு எனக்கே தெரியல. செய்யாம விட்டு, நாளைக்கு அவளுக்கு ஒண்ணும் அமையலன்னா? என்னா பண்ணட்டும் சொல்லுங்க." இரண்டு கையையும் கூப்பினான். கூப்பிய கையை நான் என்ன செய்ய முடியும்?

அப்புறம் நடந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். உனக்கு அரக்குக் கலரில் கூறைப்புடவை சுற்றினார்கள். அரக்கு உனக்குப் பிடிக்கவே பிடிக்காது. முகத்தில் மஞ்சள் பூசி, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்து, தலையில் பூ வைத்தார்கள். கொல்லையிலிருந்து ஒரு வாழைக்கன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து, மண் ஒட்டிய வேரோடு உன் வலப்பக்கம் நிறுத்தி, துண்டு ஒன்றைச் சுற்றினார்கள். மாப்பிள்ளை உன் இடுப்பு உயரம்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரிப்புதான் வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள்.

"வூட்டு சுமங்கலிதான் கட்டணும். தம்பி பொண்டாட்டி வா" என்றார் சித்தப்பா. சுமதி வந்தாள். மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றைக் கன்றின் மேல் வைத்து எடுத்து அவள் கையில் கொடுத்தார்கள். வெளியில் பறை அடிக்கிறவரைப் பார்த்து, "கெட்டிமேளமா அடிப்பா" என்று ஒருத்தர் கத்தினார். பறையில் கெட்டிமேளம் கேட்டது அன்றைக்குத்தான். சுமதி குனிந்து, உன் கழுத்துக்குப் பின்னால் இரண்டு கையையும் விட்டு, ரொம்ப நேரம் ஏதோ செய்தாள். வழக்கம்போல எதற்கும் தலையாட்டுகிறவள், இதற்கும் ஆட்டிவிட்டாள் என்று அவள்மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அவள் நிமிர்ந்ததும் கன்றை அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டி உன் காலடியில் போட்டார்கள். அந்தப் பால் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. பக்கத்தில் நின்ற ஒரு பொம்பளை சொன்னாள், "இப்பதான் மூஞ்சி எவ்ளோ களையா இருக்குது பாரு."

அந்த நிமிஷம்தான் நான் முடிவு செய்தேன்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரப் பொம்பளைகள் எல்லோரும் போட்ட பிறகு, போனால் போகிறது என்று என்னையும் விட்டார்கள். வலக்கையில் அரிசி. உன் முகத்துக்கு மேல் கவிழ்ந்து, கட்டிக்கொண்டு அழுகிறவள் மாதிரி இடக்கையை உன் கழுத்தோரம் விட்டேன். கயிறு அறுந்து சத்தம் கேட்டால் என்ன ஆகும் என்றுகூட யோசிக்கவில்லை. பலமாக இழுப்பதற்குத் தயாராகிப் பிடித்தேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்படியே உருவிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரில் சுமதி. என் கையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அவள் மெதுவாகக் குனிந்து, புடவைத் தலைப்பை உன் கழுத்துவரை இழுத்துவிட்டு, மாலையைச் சரி செய்கிறவள் போல் அதன் மேலே ஏற்றி வைத்தாள். உன்னைத் தூக்கினார்கள். கெடிலக் கரைப் பக்கம் கொண்டுபோனார்கள். பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிட்டோம்.

திரும்பி வரும்போது பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியாகக் கயிற்றை விட்டேன். பக்கத்து சீட்டு அம்மா, "சாமி கயிறாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன்.

கருமாதிக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். சுமதியே போன் செய்து வரச் சொன்னாள். சாப்பாடு முடிந்து ஆண்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். பாத்திரம் ஒழித்துப் போட வேண்டும் என்று என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். குழாயைத் திறந்து விட்டாள். தண்ணீர் அண்டாவில் விழுகிற சத்தத்தில்தான் பேசினாள்.

"அக்கா, அந்தக் கயித்த என்னா பண்ணீங்க?"

"ஆத்துல போட்டுட்டேன்."

"அதுல முடிச்சு இருந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். சுருட்டி வைத்திருந்தபோது, பஸ்ஸில் விரித்தபோது, ஆற்றில் விட்டபோது. நீளமாக, நேராக இருந்தது. மஞ்சள் கிழங்கு கட்டிய இடத்தைத் தவிர வேறு முடிச்சு எதுவும் இல்லை. இல்லை என்றேன்.

"நான் போடல."

குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டாள். "சும்மா முறுக்கி முடிக்குள்ள சொருவி விட்டேன். எங் கல்யாணத்தன்னைக்கு மூணாவது முடிச்ச அண்ணிதானே போடணும், நாத்தனார் முறை. பின்னாடி வந்து நின்னாங்க. அவுங்க கை எங் கழுத்துல பட்டுச்சு. கல்யாணம் ஆவாதவ கை ஆவாதுன்னு யாரோ சொன்னாங்க. கைய எடுத்துகிட்டாங்க. நான் குனிஞ்சிருந்தேன், மூஞ்சியப் பாக்கல. யாரோ ஒரு ஒண்ணுவிட்ட அக்கா வந்து போட்டாங்க. அவுங்களப் போட விடாத முடிச்ச அவுங்களுக்கு நான் எப்படிக்கா போடறது?"

இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், இதை நீ எனக்குச் சொன்னதே இல்லை. சொங்க்லாவில்கூடச் சொல்லவில்லை. நீ எரிந்தபோது எவனுக்கும் எதற்கும் பொண்டாட்டியாக எரியவில்லை. ஒரு நிமிஷம்கூட இல்லை. அதைக் காப்பாற்றியவள் நான் இல்லை, நாம் கிண்டல் செய்த அந்த வாயில்லாப் பூச்சி. எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் கேட்டது வேறு.

"உன் பொண்ணு?"

"நெனைக்காம இருப்பனாக்கா. ஆவறது ஆவட்டும்னு விட்டுட்டேன்." புடவையில் கையைத் துடைத்தாள். "அவருக்குத் தெரிஞ்சா உசுரையே விட்டுடுவாரு. யாருக்கும் சொல்லாதீங்க." அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காய்கறி விலை கேட்கிற மாதிரி கேட்டாள், "உங்கள யாருக்கா எடுப்பாங்க?"

கிள்ளையில் என் தங்கை மகன் இருக்கிறான். எனக்குக் கொள்ளி அவன்தான். அவன் பொண்டாட்டி எல்லாவற்றையும் முறையாகச் செய்கிறவள், முடிச்சைப் போட்டால் இறுக்கித்தான் போடுவாள். நீ கடல் தாண்டிப் போயும் உன்னைக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் சிதம்பரத்தில் வாடகை மாடியில் இருக்கிறேன், என்னைக் கொண்டுபோக ஒரு ஆட்டோ போதும். "நீதான் வந்து பாக்கணும்" என்றேன் சுமதியிடம். "நீங்க போயிட்டா எனக்கு யாரு சொல்லுவா?" என்றாள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் காலையில் அவள் எனக்குப் போன் செய்வது என்று வைத்துக்கொண்டோம். நடுவில் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "வெள்ளிக்கெழமைக்கு இருக்கறாப்ல பாத்துக்கங்க" என்றாள். இப்போதெல்லாம் அவள் இப்படியும் பேசுகிறாள்.

தவறாமல் கூப்பிடுகிறாள். "இருக்கீங்களாக்கா?" என்பாள். "இருக்கறேன். பொண்ணுக்கு ஏதாச்சும் வந்துச்சா?" என்பேன். "போன வாரம் விருத்தாசலத்துலேர்ந்து வந்தாங்க. ஜாதகம் பொருந்தலன்னுட்டாங்க" என்பாள். நீ அதையெல்லாம் நினைத்துக்கொள்ளாதே என்று சொல்வேன். இல்லக்கா என்பாள். நினைத்துக்கொண்டுதான் இருக்கிறாள், குரலிலேயே தெரிகிறது. தன் கையால் போடாமல் விட்ட மூன்று முடிச்சும் மகள் தலையில் வந்து விடியுமோ என்று அவள் ராத்தூக்கம் இல்லாமல் கிடக்கிறாள். சரியாகத்தான் செய்தாய் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பயம் போகாது. ஒரு மாப்பிள்ளை வந்தால்தான் போகும்.

கல்யாணம் ஆகாதது ஒரு குறையே இல்லை என்று ஊரோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர்கள் நாம். இப்போது நான் என்ன செய்கிறேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை போனை வைத்ததும் கீழ வீதி வழியாகக் கோயிலுக்குப் போகிறேன். கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குச் சீக்கிரம் ஒரு நல்ல இடம் அமையட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உன் கழுத்து வெறுமையாகவே போனதற்குக் கைம்மாறாக அவள் அம்மாவை நிம்மதியாகத் தூங்க வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் வேண்டுமா என்று இதுவரை அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.